சென்னையில் வாடகை வீடு: பட்ஜெட் போடுவதிலிருந்து அட்வான்ஸ் கைக்குத் திரும்பும் வரை

சென்னைக்கு வேலை கிடைத்து வருபவர்கள் பெரும்பாலும் முதலில் வீடு பார்க்கிறார்கள், பிடித்துவிடுகிறது, டோக்கன் (வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் சிறு முன்தொகை) கொடுக்கிறார்கள், அதற்கப்புறம்தான் பணத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். மூன்றாவது மாதத்தில் கையில் எதுவும் நிற்பதில்லை. வாடகை அதிகம் என்று நினைக்கிறார்கள். பல சமயம் வாடகை சரியாகவே இருக்கும். அதைச் சுற்றி வரும் தண்ணீர், கரண்ட், பெட்ரோல், மெயின்டனன்ஸ் எதையும் யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கும் வீடு தேடிக் கொடுத்ததில் எனக்குத் தெளிவான விஷயம் இது: வரிசை மாறினால் பணம் போகும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

தேடத் தொடங்கும் முன் தயாராக வைத்திருக்க வேண்டியவை

ஆதார் நகல், அலுவலக அடையாள அட்டை அல்லது பணி நியமனக் கடிதம், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, சொந்த ஊர் முகவரிச் சான்று. நல்ல வீடு என்றால் அன்றைக்கே இன்னும் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். "நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்பவரை விட, கையோடு நீட்டுபவரை உரிமையாளருக்குப் பிடிக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். போனில் குறித்தாலும் சரி. பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெரு, மாடி, கேட்ட வாடகை, மெயின்டனன்ஸ், அட்வான்ஸ், தண்ணீர் என்று ஒரே வரிசையில் எழுதுங்கள். ஐந்தாறு வீடு பார்த்ததும் எந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தில்தான் தவறான முடிவு வரும்.

1. வாடகைக்கு வரம்பு போடாதீர்கள், மாதச் செலவுக்குப் போடுங்கள்

வருமானத்தில் 30 சதவீதம் வாடகைக்குப் போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சென்னைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. முதலில், பிடித்தம் எல்லாம் போக வங்கிக் கணக்குக்கு வரும் தொகையை எடுங்கள். நியமனக் கடிதத்தில் உள்ள ஆண்டுச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தத் தொகையில் வாடகை மட்டும் 25 சதவீதத்துக்குள், வீடு சார்ந்த எல்லாச் செலவும் வேலைக்குப் போய்வரும் செலவும் சேர்த்து 40 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஊருக்குப் பணம் அனுப்புபவர்கள் இன்னும் 5 சதவீதம் குறைத்துக்கொள்வது நல்லது.

இது ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். தரமணியில் வேலை செய்யும் கணவன், மனைவி என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் வீடு ஊரப்பாக்கம் பக்கம். வாடகை 13,000. மெயின்டனன்ஸ் 2,000. லாரித் தண்ணீர்ப் பங்கு 1,000. குடிக்க கேன் தண்ணீர் 600. தனி மீட்டர் இல்லை, உரிமையாளர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடினால் மாதத்துக்கு 1,800. இரண்டு பைக்குக்கும் பெட்ரோல் 5,500. மொத்தம் 23,900.

இரண்டாவது, ஆதம்பாக்கத்தில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். வாடகை 18,500. மெயின்டனன்ஸ் 1,500. மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) வருகிறது, லாரி கிடையாது. கேன் 600. தனி மீட்டர் என்பதால் அதே 400 யூனிட்டுக்கு மாதம் சுமார் 600. வேளச்சேரி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பறக்கும் ரயில், இரண்டு பேருக்கும் 2,200. மொத்தம் 23,400.

வாடகையில் 5,500 வித்தியாசம். மாதக் கடைசியில் பார்த்தால் "விலை அதிகமான" வீடுதான் 500 ரூபாய் குறைவு, தினமும் இரண்டு மணி நேரம் மிச்சம் வேறு. எப்போதும் இப்படியே வரும் என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு ஊரப்பாக்கம்தான் சரியாக வரும். ஆனால் இந்த இரண்டு வரிசையையும் எழுதிப் பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது.

2. குடிபோகும் நாளுக்கான ரொக்கத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்

மாதச் செலவு தாங்கும், ஆனால் முதல் நாள் ரொக்கம் இல்லை. இங்கேதான் பலர் கடன் வாங்குகிறார்கள்.

18,500 ரூபாய் வீட்டுக்கு 5 மாத அட்வான்ஸ் என்றால் 92,500. முதல் மாத வாடகை 18,500. தரகர் வழியாக வந்தால் ஒரு மாத வாடகை, இன்னொரு 18,500. வண்டி, கூலி 8,000. கேஸ், இணையம், ஒன்றிரண்டு ரிப்பேர் என்று 5,000. ஆக 1,42,500. சாவி வாங்கும் அன்று இவ்வளவு வேண்டும்.

சென்னையில் ஒரு காலத்தில் 10 மாத அட்வான்ஸ் சாதாரணம். இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது எப்படியும் திரும்ப வரும் பணம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இதே வீட்டுக்கு 10 மாதம் என்றால் 1,85,000. 3 மாதம் என்றால் 55,500. வித்தியாசம் 1,29,500. அதை 12 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடனாக எடுத்தால் மாதம் 1,295 ரூபாய் வட்டி. அதாவது உங்கள் உண்மையான வாடகை 19,795. இந்த எண் கையில் இருந்தால், "அட்வான்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாடகையில் 500 சேர்த்துத் தருகிறேன்" என்று தைரியமாகப் பேசலாம். கடன் வாங்காமல் சேமிப்பிலிருந்து கொடுப்பவருக்கும் வட்டி இழப்பு உண்டு, கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

3. வீட்டுக்கு முன் ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் புறநகர் ரயில், சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருவள்ளூர் போகும் பாதை, கும்மிடிப்பூண்டிப் பாதை, வேளச்சேரி பறக்கும் ரயில், மெட்ரோ ஆகியவற்றில் உங்கள் அலுவலகத்துக்கு எது பொருந்துகிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்தப் பாதையில் ஒவ்வொரு நிலையமாக வெளியே நகருங்கள். குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என்று போகப்போக வாடகை இறங்கும். ரயிலில் போனால் பயணச் செலவு அவ்வளவாக ஏறாது, சீசன் டிக்கெட் மலிவு.

ரயில் இல்லாத திசையில் வாடகை குறைந்தால் அந்தக் குறைவு பெட்ரோலில் போய்விடும். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை என்றால் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. அங்கே மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் பகுதிகளில் வீடு பார்க்கும்போது, நிலையம் திறந்தபின் கிடைக்கப்போகும் வசதிக்கு உரிமையாளர்கள் இப்போதே விலை கேட்பார்கள். நீங்கள் குடியிருக்கப்போவது 11 மாதமோ இரண்டு வருடமோ. அதற்குள் ஓடாத ரயிலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தை நடந்தே பாருங்கள். "ஸ்டேஷன் பக்கம்தான்" என்று சொல்லப்படும் வீடுகளில் பல, ஷேர் ஆட்டோ தேவைப்படும் தூரத்தில் இருக்கும்.

4. அந்தத் தெருவின் உண்மை வாடகையைக் கண்டுபிடியுங்கள்

இணையதளங்களில் தெரிவது கேட்கும் வாடகை. பேரம் பேசி முடியும் வாடகை வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்களுக்குத் தேவையான தகவல்.

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று பகுதிகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத் தெருவாக நடங்கள். "டு-லெட்" போர்டு தொங்கும் வீடுகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு அழையுங்கள். பல உரிமையாளர்கள் இணையத்தில் போடுவதே இல்லை. தரகர் காசும் மிச்சம். அடுத்து இஸ்திரி வண்டிக்காரரிடமும் அண்ணாச்சி கடையிலும் பேச்சுக் கொடுங்கள். தெருவில் எந்த வீடு காலி, எத்தனை மாதமாகக் காலி, முன்பிருந்தவர் ஏன் போனார், எவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தார் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரே வீட்டில் வருடத்துக்கு இரண்டு குடும்பம் மாறுகிறது என்று கேள்விப்பட்டால், காரணம் தெரியாமல் மேலே போகாதீர்கள்.

ஒப்பிடும்போது ஒரே மாதிரி வீடுகளை ஒப்பிடுங்கள். நான்கைந்து வீடுகள் கொண்ட தனிக் கட்டடத்துக்கும், நீச்சல் குளம் வைத்த பெரிய குடியிருப்புக்கும் ஒரே பகுதியிலேயே பெரிய வித்தியாசம் இருக்கும். லிஃப்ட், மூடிய கார் நிறுத்தம், கட்டடத்தின் வயது இந்த மூன்றும் விலையை மாற்றும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்ற வீடு இளைஞர்களுக்கு நல்ல பேரம்; வயதான பெற்றோர் வந்து தங்குவார்கள் என்றால் தொடாதீர்கள்.

வாடகை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் இதே நடையில் தெரிந்துகொள்ளலாம். 2020, 2021இல் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய வீடுகள் காலியாகி வாடகை இறங்கியது; அலுவலகங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டதும் மறுபடி ஏறியது. சென்னை வாடகை வேலை இருக்கும் இடத்தைப் பின்தொடர்ந்தே நகரும். ஒரு பகுதியில் போர்டுகள் நிறையத் தொங்கி, அதே போர்டு மூன்று வாரம் கழித்தும் தொங்கினால் அங்கே பேரத்துக்கு இடம் இருக்கிறது. போர்டு போட்ட அன்றே காணாமல் போனால் கேட்ட விலைக்கு முடிகிறது என்று அர்த்தம்.

5. மாதம் பார்த்துத் தேடுங்கள்

ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லோரும் வீடு மாற்றுவார்கள். பள்ளி திறக்குமுன் குடியேற வேண்டும் என்ற அவசரம். உரிமையாளர் இறங்கிவர மாட்டார்.

ஆடி பிறந்துவிட்டால் நிலைமை தலைகீழ். ஆடியிலும் மார்கழியிலும் புதுவீட்டில் பால் காய்ச்சப் பலரும் யோசிப்பார்கள். ஜூலை நடுவில் காலியான வீடு ஆவணி வரை சும்மா கிடந்தால் உரிமையாளருக்கு ஒரு மாத வாடகை நஷ்டம். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் ஆடியில் தேடுங்கள். இருந்தால், முன்கூட்டியே திட்டமிடுங்கள்: ஆனியிலேயே பேசி ஒப்பந்தம் போட்டு, மாதம் முடியுமுன் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, சாமான்களை மெதுவாக ஏற்றலாம்.

6. வீட்டுக்குள் போனதும் முதலில் குழாயைத் திறங்கள்

புதியவர்கள் ஹாலின் அளவைப் பார்க்கிறார்கள், பால்கனியைப் பார்க்கிறார்கள். 2019 கோடையில் நகருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு போனதைப் பார்த்த யாரும் முதலில் குளியலறைக்குத்தான் போவார்கள்.

குழாயின் வாயையும் ஷவரின் துளைகளையும் உற்றுப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் உப்புத் தண்ணீர்; விரலால் சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிரும். ஹீட்டர் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷின் போகும், தலைமுடியும் போகும். வாஷ்பேசினில் பழுப்புக் கறை கோடாக இறங்கியிருந்தால் போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம். ஒரு வாளியில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், நிறமும் வாடையும் தெரியும்.

பின்னர் இந்தக் கேள்விகளை உரிமையாளரிடம் கேட்காமல் வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ கேளுங்கள். மெட்ரோ தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, தினமும் வருகிறதா? ஏப்ரல், மே மாதங்களில் வாரத்துக்கு எத்தனை லாரி இறங்குகிறது? அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா, தனியா? தனி என்றால், நவம்பரில் 1,500 என்று சொன்ன மெயின்டனன்ஸ் மே மாதம் 3,000 ஆகும். உரிமையாளர் சொன்னது பொய்யாக இருக்காது; நீங்கள் கேட்டது நவம்பர் மாதத்தில்.

7. வெள்ளம் எதுவரை வந்தது என்று பாருங்கள்

2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இந்த இரண்டிலும் அந்தத் தெருவில் என்ன ஆனது என்று கேட்டே ஆக வேண்டும். வேளச்சேரியின் தாழ்வான பகுதிகள், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளம் வாடகை குறைவாகக் கிடைத்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பொதுவாக "தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் வராது" என்று பதில் வரும். "மிக்ஜாம் அப்போ தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் படியோடு வரும். காம்பவுண்டுச் சுவரில் கறைக்கோடு இருக்கிறதா, மீட்டர் பெட்டியைச் சமீபத்தில் மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா, தெருவை விட வீட்டுத் தரை தாழ்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முதல் மாடி என்றாலும் பைக் கீழேதான் நிற்கும், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கீழேதான் இருக்கும்.

8. மீட்டர் யார் பெயரில், எத்தனை வீட்டுக்கு

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் முறை மாறி, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடும். உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் இந்தச் சலுகை முழுதாக உங்களுக்கு. நான்கு வீட்டுக்கு ஒரே இணைப்பு, உள்ளே சப்-மீட்டர் என்றால், எல்லோரும் சேர்ந்து 500ஐ எளிதாகத் தாண்டுவீர்கள். உரிமையாளர் யூனிட்டுக்கு 8, 9 என்று ஒரே விலை வைப்பார். முதல் படியில் பார்த்த 1,800க்கும் 600க்கும் உள்ள வித்தியாசம் இங்கிருந்து வருகிறது. ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் வலிக்கும்.

ஆகவே, வீடு பார்க்கும்போதே மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, கடந்த சில பில்களைப் பாருங்கள். பாக்கி இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் ஒருமுறை பிற்பகல் 3 மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் குளுகுளுவென்று இருந்த அதே அறை மேற்குச் சுவர் சூடேறி வேறு மாதிரி இருக்கும். அந்தச் சூட்டின் விலையும் கரண்ட் பில்லில்தான் வரும்.

9. டோக்கன் கொடுக்கும் முன், கொடுப்பது யாரிடம் என்று உறுதி செய்யுங்கள்

இதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கக் கூடாது. "இன்னொருத்தர் சாயங்காலம் வர்றார் சார், இப்பவே ஒரு அஞ்சாயிரம் போட்டு வையுங்க" என்று தரகர் அவசரப்படுத்துவார். அந்த அவசரத்துக்குப் பணிந்தவர்கள்தான் பின்னால் டோக்கனுக்காக அலைகிறார்கள்.

சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது இரண்டிலும் உள்ள பெயர் உங்களிடம் பேசுபவரின் பெயரோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் உறவு என்ன என்று கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில், தம்பி பார்த்துக்கொள்கிறார் என்றால் அதிகாரப் பத்திரத்தின் நகல் வேண்டும். பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம்) நீங்களே பார்க்கலாம். வீடு வங்கியில் அடமானத்தில் இருப்பது தவறில்லை, தவணை கட்டாமல் வங்கி கையகப்படுத்தும் நிலையில் இருந்தால்தான் சிக்கல்.

வீட்டை நேரில் காட்டாமல் பணம் கேட்பவரிடம் பேச்சையே நிறுத்துங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, முன்பணம் போட்டால் சாவி அனுப்புகிறேன் என்பது பழகிப்போன மோசடி.

மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் "லீஸ்" என்று வருவதில் இன்னும் கவனம் வேண்டும். உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு நடுவில் நிற்கும் ஆட்கள் உண்டு. அவர் வாடகை கட்டுவதை நிறுத்தும் நாளில் உரிமையாளர் உங்கள் கதவைத் தட்டுவார். உரிமையாளரோடு நேரடியாக, பதிவு செய்த பத்திரத்தோடு அல்லாமல் லீஸுக்குப் போகவே வேண்டாம்.

10. பேரம்: எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் பேசுங்கள்

வாடகையை மட்டும் பேசி முடித்துவிட்டு அட்வான்ஸ், பெயிண்டிங், ஏற்றம் எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அப்புறம் பேச உங்களிடம் பிடி இருக்காது. இப்படிப் பேசிப் பாருங்கள்:

"அம்மா, வீடு பிடிச்சிருக்கு. நாங்க ரெண்டு பேருதான், ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். இதே தெருவுல பதினேழாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு வீடு பார்த்தோம். நீங்க பதினெட்டரை சொல்றீங்க. பதினெட்டுன்னு வெச்சுக்கலாம், அட்வான்ஸ் மூணு மாசம். ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதிக்குள்ள உங்க அக்கவுண்ட்டுல போட்டுடறோம். ரெண்டு வருஷம் இருப்போம்."

இதில் விலைக்கு ஆதாரம் இருக்கிறது, உரிமையாளருக்கு வேண்டிய நிம்மதியும் இருக்கிறது. வீடு காலியாகக் கிடப்பதும், வாடகை தாமதமாவதும்தான் அவருடைய கவலை.

ஆண்டு ஏற்றம் முக்கியம். 5 சதவீதம் என்பதும் 10 சதவீதம் என்பதும் கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. 20,000 ரூபாய் வாடகை மூன்று ஏற்றத்துக்குப் பின் 5 சதவீதத்தில் 23,152; 10 சதவீதத்தில் 26,620. அதோடு 11 மாதத்துக்கு ஒருமுறையா 12 மாதத்துக்கு ஒருமுறையா என்றும் கேளுங்கள். உங்கள் சம்பளம் 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏறும்.

"பேச்சிலருக்குத் தர மாட்டோம்", "சைவம் மட்டும்" என்பதை முதல் போன் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமான விஷயம்தான். சாப்பாட்டைக் கேட்பதுபோல் சாதியைக் கேட்கும் வீடுகளும் இந்த நகரில் இருக்கின்றன. அங்கே மறைத்துக் குடிபோய் தினமும் பயந்து வாழ்வதற்கு, அடுத்த வீட்டைப் பார்ப்பது மேல்.

11. ஒப்பந்தம்: 11 மாதம் என்றாலும் பதிவு வேண்டும்

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் 11 மாதக் கணக்கு வந்தது. தமிழ்நாட்டில் அது மட்டும் போதாது. நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் இந்தச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் வாங்க வேண்டும். அரசின் இணையதளம் வழியாகவே இதைச் செய்யலாம். பல உரிமையாளர்கள் தயங்குவார்கள். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். பதிவு இருந்தால் நாளைக்குத் தகராறு என்று வரும்போது இருவருக்கும் பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அட்வான்ஸுக்கும் இதே சட்டத்தில் வரையறை உண்டு: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த "வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில்" என்ற இடத்தில்தான் 6 மாதமும் 10 மாதமும் நுழைகின்றன. நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது ஒப்புதல். எனவே பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: வாடகை, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, கோடை லாரிச் செலவு யாருடையது, கரண்ட் யூனிட் கணக்கு, ஏற்ற சதவீதம், இரு பக்கமும் எத்தனை மாத முன்னறிவிப்பு, அட்வான்ஸ் எவ்வளவு நாளில் திரும்ப வரும், பெயிண்டிங்குக்கு அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கலாம். கடைசியில் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் ஒரு மாத வாடகை போகும், ஆறே மாதம் குடியிருந்தாலும். "ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் பிடித்தம் இவ்வளவு, அதற்குள் காலி செய்தால் இவ்வளவு" என்று தொகையாகவே எழுதுங்கள்.

பழுது பற்றியும் ஒரு வரி. குழாய் வாஷர், பல்பு குடியிருப்பவருடையது. கசிவு, மோட்டார், வயரிங் உரிமையாளருடையது என்று பிரித்து எழுதினால் முதல் மழையிலேயே சண்டை வராது.

வருமான வரியில் வீட்டு வாடகைப்படிச் சலுகை எடுப்பவர்கள் (பழைய வரி முறையில் மட்டும்தான் அது கிடைக்கும்) ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் கொடுக்க வேண்டும். மாதம் 8,334 வந்தாலே தாண்டிவிடும். பான் தர மாட்டேன், ரொக்கமாகத்தான் வேண்டும் என்பவர் கேட்கும் வாடகையோடு நீங்கள் இழக்கும் வரிச் சலுகையையும் கூட்டிப் பாருங்கள். மாத வாடகை 50,000ஐத் தாண்டினால் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பும் உங்களுடையது.

12. சாவி வாங்கும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

சாமான் ஏறுமுன், வீடு காலியாக இருக்கும்போதே வீடியோ எடுங்கள். சுவர் விரிசல், ஈரக்கறை, உடைந்த கண்ணாடி, கதவுப் பூட்டு, ஒவ்வொரு ஃபேனும் ஓடுகிறதா என்பது எல்லாம் வரட்டும். மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு படம் எடுங்கள். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். "சார், இன்னைக்கு வீடு இப்படி இருக்கு, உங்க தகவலுக்கு" என்று ஒரு வரி போதும். இரண்டு வருடம் கழித்து "இந்த விரிசல் உங்களால் வந்தது" என்ற பேச்சுக்கு அந்தச் செய்திதான் பதில்.

வாடகை எப்போதும் வங்கி வழியே. ரொக்கம் கொடுக்கும் கட்டாயம் வந்தால் ரசீது.

13. ஒன்பதாவது மாதத்தில் மறுபடி கணக்குப் போடுங்கள்

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது 4ஆம் படியை மறுபடி செய்யுங்கள். தெருவில் புதிதாகக் குடிவந்தவர் எவ்வளவு கொடுக்கிறார்? உங்கள் வீட்டின் ஏறிய வாடகை அதைவிட அதிகம் என்றால் பேசலாம். குறைவு என்றால் சத்தம் போடாமல் புதுப்பித்துவிடுங்கள். வீடு மாற்றினால் தரகர், வண்டி, பெயிண்டிங் என்று இரண்டு மாத வாடகைக்கு மேல் போகும். மாதம் 1,000 ரூபாய் ஏற்றத்துக்குக் கோபப்பட்டு 40,000 செலவழித்து மாறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

14. காலி செய்யும்போது

முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியோடு மின்னஞ்சலும் போகட்டும். வாய்வார்த்தையாகச் சொன்னது நாள் கணக்கில் சேராது.

"கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பது பலருக்கும் தோன்றும் வழி. உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மிக நல்லது. சம்மதிக்காமல் நீங்களாக நிறுத்தினால் வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயர் உங்கள் மேல் விழும், தகராறில் உங்கள் பக்கம் பலவீனமாகும்.

சாவி கொடுக்கும் நாளில் கரண்ட் பில், மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று காட்டி, முதல் நாள் எடுத்த வீடியோவோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிடித்தம் எவ்வளவு என்பதை அங்கேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். அடுத்தவர் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர முடியும் என்று சொல்லும் உரிமையாளர்கள் பலர். அப்படிச் சொன்னால் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். தேதியும் தாண்டினால் ஒப்பந்தப் பதிவு எண், வங்கிப் பரிமாற்ற விவரம், அந்தக் கையெழுத்துத் தாள் மூன்றோடும் உங்கள் பகுதி வாடகை அதிகாரி அலுவலகத்துக்குப் போய், மனுவை எங்கே கொடுப்பது என்று கேட்டுக் கொடுங்கள். குடியிருக்கும்போதே தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்றப் பார்த்தாலும் போக வேண்டிய இடம் அதே அலுவலகம்தான். அப்படி நிறுத்துவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது.